சுல்தான் கேட்ட கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன்பு சமய நல்லிணக்கக் கூட்டம் ஒன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பேச்சாளர் ஒருவர் மூன்று மோதிரக் கதையை எடுத்துரைத்தார். ஒரு தந்தை, மூன்று மைந்தர், ஒன்றைப் போலவே மற்றொன்றாய் மூன்று மோதிரங்கள். மோதிரங்கள் என்பவை மதங்கள். “சுல்தான் ஸலாஹுத்தீன் தம் அவையில் சொன்ன கதை இது. ஆகவே எல்லா மதங்களும் ஒன்றே” என்று அவர் முடிக்கவும் அரங்கம் கைதட்டிற்று. நாமும் தட்டினோம். மேடையில் அமர்ந்திருப்பவர் தட்டாமலிருந்தால் நன்றாயிராது. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் நெஞ்சில் ஓர் உறுத்தல்.

கதையைச் சொன்னவர் சுல்தான் அல்லர். சுல்தான் கேள்வி கேட்டவர். கதை சொன்னவர் நாத்தான் என்னும் யூத வணிகர். இருவரையும் பேசவைத்தவர் ஜெர்மானியப் பாதிரியார் ஒருவரின் மகனான லெஸ்ஸிங். அவர் 1779-இல் அச்சிட்ட ‘ஞானி நாத்தான்’ என்னும் ஐந்து அங்க நாடகத்தின் நட்டநடுவே, மூன்றாம் அங்கத்தில், அக்கதை வருகிறது. ‘எல்லாம் ஒன்றே’ என்பதோடு அது முடியவுமில்லை. முஸ்லிம் சுல்தான் ஒருவரை இவ்வளவு பெருந்தன்மையோடு மேடையேற்றிய பழைய ஐரோப்பிய நாடகங்கள் மிகச் சில. ஆதலால் அதைப் பற்றிப் பெருமைப்படும் நாம், அது நம்மை நோக்கி என்ன கேட்கிறது என்பதையும் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டாமா?

முதலில் அந்நாடகம் பிறந்த சூழலைச் சொல்ல வேண்டும். லெஸ்ஸிங் 1729-இல் சாக்ஸனி நாட்டின் காமென்ஸ் நகரில் பிறந்தவர். மகன் மார்க்கக் கல்வி பயில வேண்டுமென்று தந்தையார் லைப்ஸிக் நகருக்கு அனுப்பினார். மகனோ நாடகக் கொட்டகையைத் தேடிப் போனார். பல ஊர்களில் பேனாவை நம்பிப் பிழைத்தபின், 1770-இல் வொல்ஃபன்பியூட்டல் என்னும் சிற்றூரில், பிரவுன்ஷ்வைக் கோமகனுடைய பெரிய நூலகத்தின் பொறுப்பாளரானார். ஹாம்பர்க் நகரில் கீழ்த்திசை மொழிகள் கற்பித்து 1768-இல் மறைந்த ரைமாருஸ் என்னும் பேராசிரியர், கிறிஸ்தவ வேத வரலாறுகளைப் பகுத்தறிவின் தராசில் நிறுத்து எழுதிய நூல் ஒன்றை அச்சேற்ற அஞ்சிப் பெட்டியிலேயே வைத்திருந்தார். அதன் பகுதிகளைப் பேராசிரியரின் மகளிடமிருந்து பெற்ற லெஸ்ஸிங், ‘பெயர் அறியப்படாதவர் ஒருவரின் துண்டுகள்’ என்று, நூலகத்தில் அகப்பட்டவை போல 1774 முதல் 1778 வரை வெளியிட்டார். தமக்கு அவற்றோடு முழு உடன்பாடில்லை என்றும் சேர்த்தே எழுதினார். நாடே கொந்தளித்தது. ஹாம்பர்க் தலைமைப் பாதிரியார் கெட்ஸெ கடுமையாகத் தாக்கினார். லெஸ்ஸிங் 1778-இல் பதினொரு மறுப்பு மடல்களை அடுத்தடுத்து விடுத்தார். அவ்வாண்டு கோடையில் கோமகன் தலையிட்டு, தணிக்கையின்றி அச்சிடும் உரிமையை அவரிடமிருந்து பறித்துக்கொண்டார்.

வாயை அடைத்துவிட்டார்கள். தம் பழைய பிரசங்க மேடையாகிய நாடகத்திலாவது தொல்லையின்றிப் பேச விடுவார்களா பார்ப்போம் என்ற கருத்தில், அவர் அந்த ரைமாருஸ் மகளுக்கே கடிதம் எழுதினார். ‘ஞானி நாத்தான்’ அப்படித்தான் எழுதப்பெற்றது.

இந்தச் சண்டைக்கு நடுவே அவர் வீட்டில் நடந்ததையும் மறக்கலாகாது. நாற்பத்தேழு வயதில் மணம்புரிந்தவர் அவர். 1777 டிசம்பரில் பிறந்த ஒரே ஆண்மகவு ஒரு நாள்தான் உயிரோடிருந்தது. 1778 ஜனவரி 10-இல் மனைவி ஏவாவும் இறந்தார். நாடகத்தின் நான்காம் அங்கத்துக்கு வரும்போது இது நமக்குத் தேவைப்படும்.

மோதிரக் கதை லெஸ்ஸிங்கின் சொந்தக் கற்பனை அன்று. இத்தாலியரான பொக்காச்சியோ பதினான்காம் நூற்றாண்டில் எழுதிய ‘தெக்கமரோன்’ நூலில், முதல் நாளின் மூன்றாம் கதை அது. அங்கேயும் பணமுடை பட்ட ஸலாஹுத்தீன் ஒரு யூதரை மடக்கக் கேள்வி கேட்கிறார். அவர் கதை சொல்லித் தப்புகிறார். ஆனால் அங்கே மோதிரம் வெறும் அழகிய மோதிரம், வாரிசுரிமையின் அடையாளம், அவ்வளவே. இதே சாயலுள்ள உவமையொன்று அதற்கும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே பக்தாதில் பேசப்பட்டிருக்கிறது. அப்பாஸிய கலீபா அல்மஹ்தியின் அவையில், கிழக்குத் திருச்சபையின் தலைவரான முதலாம் திமோத்தேயு, இருட்டு வீட்டில் விழுந்த முத்தைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொருவரும் கைக்குக் கிடைத்ததை முத்தென்று பற்றிக்கொள்கிறார்கள், முத்து ஒருவர் கையில்தான், விடிந்தால்தான் தெரியும். அந்த உரையாடல் சுரியானி மொழியில் எழுதி வைக்கப்பட்டு இன்றளவும் இருக்கிறது. கலீபாவின் முன்னால் ஒரு கிறிஸ்தவர் தம் மார்க்கத்துக்காக வாதாடிவிட்டுத் தம் வீட்டுக்கு நிம்மதியாகத் திரும்பினார் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

லெஸ்ஸிங்குக்கு இஸ்லாத்தைப் பற்றி என்ன தெரியும்? அக்கால ஐரோப்பியருக்குத் தெரிந்ததைவிடக் கூடுதலாகவே தெரியும். இளமையில், கலீபாக்களின் காலத்து அரபியர் வரலாறாக மரின்யீ என்பவர் பிரெஞ்சில் எழுதிய நூலின் முதற்பாகத்தை ஜெர்மனில் பெயர்த்தார். 1754-இல், கார்டானோ என்னும் பழைய இத்தாலிய அறிஞருக்காக வக்காலத்து வாங்கி ஒரு கட்டுரை எழுதினார். கார்டானோ 1550-இல் மதங்களை ஒப்பிட்டபோது பிற மதங்களுக்குச் சாதகமாக எழுதினார் என்பது அவர்மீது பழி. லெஸ்ஸிங் அந்தப் பழியைத் தலைகீழாகத் திருப்பினார்: கார்டானோ செய்த பிழை, யூதருக்கும் முஸ்லிமுக்கும் போதிய நியாயம் வழங்காததே என்றார்! அத்தோடு விடாமல், ஒரு முஸ்லிமைத் தாமே அங்கு எழுப்பிப் பேசவும் வைத்தார். ஓரிறை, மறுமை, நன்மை தீமைக்குக் கூலி என அறிவு ஏற்கும் கொள்கைக்கு அற்புதங்களின் சான்று எதற்கு என்று அந்த முஸ்லிம் கேட்கிறார். திருமறையே முஃஜிஸா என்று ஓதியிருக்கும் நம் மாணவர்கள் இவ்வாதத்தை அப்படியே ஏற்கமாட்டார்கள். என்றாலும் இருபத்தைந்து வயதுப் பாதிரியார் மகன் எழுதியது என்று எண்ணிப் பார்க்கையில் வியப்பு வருகிறது.

இன்னொருவரையும் குறிப்பிட வேண்டும். அபுல் ஃபிதாவின் வரலாற்றை லத்தீனில் பெயர்த்த ரைஸ்கெ லெஸ்ஸிங்கின் நண்பர். வறுமையில் உழன்று, பட்டினி கிடந்து அரபி படித்தவர்; அரபி இலக்கியத்துக்காக உயிர்த்தியாகம் செய்தவன் என்று தம்மைத் தாமே சொல்லிக்கொண்டவர். 1774-இல் அவர் இறந்தபின் அவருடைய அரபிக் கையெழுத்துப் பிரதிகள் லெஸ்ஸிங்கின் கைக்கு வந்தன. ஸலாஹுத்தீனோடு கூடவே இருந்த காழி பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் எழுதிய வாழ்க்கை வரலாறும், 1732-இலேயே ஹாலந்தின் லைடன் நகரில் ஷுல்டென்ஸ் என்பவரால் லத்தீன் மொழிபெயர்ப்போடு அச்சாகியிருந்தது.

இனி நாடகம். ஹிஜ்ரி 583, ரஜப் 27-இல், அதாவது 1187 அக்டோபர் 2-ஆம் நாள், பைத்துல் முகத்தஸ் மீண்டும் முஸ்லிம்கள் வசமாயிற்று. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, ஒரு போர்நிறுத்தக் காலத்தில் கதை நிகழ்கிறது. நாத்தான் வெளியூர் வாணிபம் முடித்துத் திரும்புகிறார். அவர் இல்லாதபோது வீடு தீப்பற்றி, மகள் ரேக்காவை ஓர் இளம் கிறிஸ்தவ வீரன் மீட்டிருக்கிறான். அவனோடு சிறைப்பட்டவர்கள் கொல்லப்பட, இறந்துபோன தம் தம்பியின் முகச்சாயல் கண்டு சுல்தான் அவனை மட்டும் உயிரோடு விட்டிருந்தார். ரேக்கா நாத்தான் பெற்ற மகள் அல்லள், கிறிஸ்தவக் குழந்தை. இச்செய்தி நகரத்துக் கிறிஸ்தவத் தலைமைக் குருவின் காதுக்கு எட்டுகிறது. அநாதைக் குழந்தையை அந்த யூதன் எடுத்து வளர்த்திராவிட்டால் அது செத்தே போயிருக்கும் என்று எவ்வளவு எடுத்துச் சொல்லியும், யூதனை எரிக்க வேண்டும் என்பதையே அவர் மூன்று முறை திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஹாம்பர்க் பாதிரியார் இந்தக் காட்சியைப் படித்தபோது தம் முகத்தைத் தாமே பார்த்திருப்பார்!

சுல்தான் வாரி வழங்கிக் கஜானா காலியானவர். தங்கை ஸித்தாவோடு சதுரங்கம் ஆடித் தோற்றுப் பணம் கொடுப்பவர். அவருடைய பொருளாளராக வரும் அல்ஹாஃபி என்னும் தர்வேஷ், கணக்கு வழக்கு அலுத்துப்போய், மனிதனாக வாழக் கங்கைக் கரைதான் தகுந்த இடம் என்று கிளம்பிவிடுகிறார். நம் நாட்டைப் பற்றி அந்தக் கற்பனை எங்கிருந்து வந்ததோ, படிக்கும்போது புன்னகைக்காமல் இருக்க முடியவில்லை.

பணம் வேண்டி நாத்தானை வரவழைக்கும் சுல்தான், பணத்தைக் கேளாமல் மார்க்கத்தைப் பற்றிக் கேட்கிறார். நாம் இக்கட்டுரை எழுதப் புகுந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். மூன்று மார்க்கங்களில் ஒன்றுதானே உண்மையாயிருக்க முடியும்? உம்மைப் போன்ற அறிவாளி பிறப்பு என்னும் தற்செயல் எறிந்த இடத்திலேயே கிடக்கமாட்டார். கிடந்தால், ஆராய்ந்து, காரணம் கண்டு, மேலானதைத் தேர்ந்தே கிடப்பார். அந்தக் காரணத்தை எமக்குச் சொல்லும் என்கிறார்.

விடையாக வருவதே மோதிரக் கதை. லெஸ்ஸிங் அதில் இரண்டைப் புதிதாகச் சேர்த்தார். ஒன்று, மோதிரத்துக்கு ஒரு மறைவான ஆற்றல்: அந்த நம்பிக்கையோடு அணிபவரை அது இறைவனுக்கும் மனிதருக்கும் உவப்பானவராக்கும். மற்றொன்று, ஒரு நீதிபதி. மைந்தர் மூவரும் வழக்காடி வருகிறார்கள். உங்களில் யாரை மற்ற இருவரும் அதிகம் நேசிக்கிறீர்கள் என்று நீதிபதி கேட்க, மூவரும் வாயடைத்து நிற்கிறார்கள். அப்படியானால் மூன்றும் போலி, உண்மை மோதிரம் தொலைந்திருக்கும் என்கிறார் அவர். பிறகு தீர்ப்பு வேண்டாம், அறிவுரை தருகிறேன் என்கிறார்: ஒவ்வொருவரும் தம் மோதிரத்தை உண்மையென்றே நம்புங்கள், சாந்தத்தாலும் நற்செயலாலும் இறைவனுக்கு முற்றிலும் ஒப்படைத்த உள்ளத்தாலும் அதன் ஆற்றலை மெய்ப்பிக்கப் போட்டியிடுங்கள், ஆயிரமாயிரம் ஆண்டுகள் சென்றபின் என்னிலும் அறிவுடையவர் இந்த ஆசனத்தில் அமர்ந்து தீர்ப்புரைப்பார். இறைவனுக்கு ஒப்படைத்தல் என்று அவர் ஜெர்மனில் எழுதிய சொல்லுக்கு அரபியில் நேர்ச்சொல் தேடினால் ‘இஸ்லாம்’ என்பதே அகப்படும். கவி கெதே 1819-இல் வெளியிட்ட தம் கீழ்த்திசைத் திவானில் இஸ்லாத்துக்குப் பொருள் கூறியதும் இதே சொல்லின் வேரால்தான்.

ஸூரத்துல் மாயிதாவின் 48-ஆம் வசனத்தை ஓதியவர்களுக்கு இங்கே செவி நிமிரும். அல்லாஹ் நாடியிருந்தால் உங்களை ஒரே சமுதாயமாக்கியிருப்பான். கொடுத்ததில் சோதிக்கவே இவ்வாறு செய்தான். ஆகவே நன்மைகளில் முந்துங்கள். நீங்கள் மாறுபட்டிருந்தவற்றை அவன் உங்களுக்கு அறிவிப்பான் என்பது அதன் கருத்து. ஒற்றுமை வெளிப்படை. வேற்றுமையும் வெளிப்படையே. மோதிரம் தொலைந்திருக்கலாம் என்று திருமறை சொல்லவில்லை.

ஆனால் நாடகத்தின் உண்மையான தத்துவ முடிச்சு நீதிபதியின் அறிவுரையில் இல்லை. அதற்குச் சற்று முன்பு சுல்தான் குறுக்கிட்டு, மார்க்கங்கள் உடையிலும் உணவிலும்கூட வேறுபட்டவை அல்லவா, எப்படி மோதிரங்களைப் போல ஒன்றாயிருக்கும் என்று கேட்கிறார். நாத்தான் சொல்கிறார்: எல்லாவற்றிலும் வேறுபாடுண்டு, ஆதாரத்தில் மட்டும் இல்லை. எல்லாம் வரலாற்றின்மீது நிற்பவை. எழுதப்பட்டதோ வாய்வழி வந்ததோ, வரலாற்றை நம்பிக்கையின் பேரில்தான் ஏற்க முடியும். யாருடைய சொல்லை நாம் மிகக் குறைவாக ஐயுறுவோம்? நம்மைப் பெற்றவர்களுடைய சொல்லை. உம் முன்னோரை நீர் நம்புவதைவிடக் குறைவாக என் முன்னோரை நான் நம்ப வேண்டுமா?

இந்த வரிகளுக்கு வந்தபோது நாம் புத்தகத்தை மூடிவிட்டோம். மத்ரஸாவில் ஓதிய நாளில் அல்லாமா தஃப்தாஸானியின் ‘ஷரஹுல் அகாயித்’ திறந்ததும் வரும் பாடம் நினைவில் எழுந்தது. அறிவு வரும் வழிகள் மூன்று: பழுதற்ற புலன்கள், உண்மையான செய்தி, பகுத்தறிவு. உண்மைச் செய்தியில் முதலாவது ‘முதவாதிர்’. பொய்யின்மீது ஒன்றுகூடுவது நினைத்தும் பார்க்க முடியாத பெருங்கூட்டத்தார் வழிவழியாகச் சொல்லி வருவது. மக்காவும் பக்தாதும் உண்டு என்பதை, போய்ப் பாராதவனும் சந்தேகமின்றி அறிவது இவ்விதமே. உடனே அவரே ஓர் ஆட்சேபத்தை எழுப்புகிறார்: ஈஸா (அலை) கொல்லப்பட்டதாகக் கிறிஸ்தவர்களும், மூஸா (அலை) அவர்களின் மார்க்கம் என்றென்றைக்கும் உரியதென்று யூதர்களும் கூட்டங்கூட்டமாகத்தானே சொல்லி வருகிறார்கள்? அவற்றில் தவாதுர் நிறைவேறவில்லை என்று விடை கூறி மேலே செல்கிறார். லெஸ்ஸிங்குக்கு நானூறு ஆண்டுகள் முன்பே எழுதிய பாடநூலில், அதே மூன்று சமுதாயங்கள், அதே வழக்கு!

லெஸ்ஸிங் 1777-இல் வெளியிட்ட சிறு நூலொன்றில் இதை இன்னும் கூர்மையாக்கியிருக்கிறார். அலெக்சாந்தர் ஆசியாவை வென்றதை எல்லோரும் நம்புகிறோம். ஆனால் அந்த நம்பிக்கையைப் பணயமாக வைத்து, விலைமதிப்பற்ற, என்றும் நிலைக்கும் ஒன்றை இழக்க யார் துணிவார் என்று கேட்கிறார். வரலாற்றுச் செய்தியிலிருந்து நிலையான மெய்ம்மைக்குத் தாண்ட முடியாத ஓர் அகழி இருக்கிறதாம். நம் இமாம்களோ தவாதுர் தருவது ஐயத்துக்கு இடமில்லாத அறிவு என்பர். அதனால்தான் ஒவ்வோர் அறிவிப்பாளரின் நாணயத்தையும் நினைவாற்றலையும் எடைபோட்டு நூல் நூலாக எழுதிக் குவித்தார்கள். நாத்தானின் வாதம் எல்லாச் செய்தியையும் ஒரே தராசில் அள்ளிப் போடுகிறது. செய்திக்கும் செய்திக்கும் இடையே தரம் பிரிக்கும் கலையை அது அறியவில்லை. இது நம் துணிபு.

இப்படிச் சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக உறங்கலாமா? அந்த இஸ்னாதுகளை ஆராய்ந்து பார்த்து ஈமான் கொண்டவர் நம்மில் எத்தனை பேர்? தாய் சொன்னாள், தந்தை சொன்னார், ஓதிக் கொடுத்த லெப்பை சொன்னார், நம்பினோம். நம்மைப் பொறுத்தவரை நாத்தான் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. இதற்குத் ‘தக்லீத்’ என்று பெயர். முகல்லிதின் ஈமான் செல்லுமா என்று அகீதா நூல்கள் விவாதிக்கின்றன. செல்லும், ஆனால் ஆராயும் தகுதியிருந்தும் ஆராயாமல் விட்டவர் குற்றவாளி என்று பல அறிஞர்கள் கூறினர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘அல்முன்கிது மினள் ளலால்’ நூலில், கிறிஸ்தவரின் பிள்ளைகள் கிறிஸ்தவராகவும் யூதரின் பிள்ளைகள் யூதராகவும் முஸ்லிமின் பிள்ளைகள் முஸ்லிமாகவும் வளர்வதைக் கண்டு, இளம்பருவத்திலேயே தம்மைவிட்டுத் தக்லீதின் கட்டு அவிழ்ந்ததை எழுதுகிறார். அவர் மறைந்தது 1111-இல். நாத்தான் நின்ற அதே இடத்தில்தான் அவரும் நின்றார். ஆனால் நாத்தான் அங்கிருந்து சமாதானத்துக்குப் போகிறார். கஸ்ஸாலி இமாம் உறுதியைத் தேடிப் பதவியும் ஊரும் துறந்து போனார்கள்.

லெஸ்ஸிங் தேடுவதையே பெரிதாக எண்ணியவர். இறைவன் வலக்கையில் முழு உண்மையையும், இடக்கையில் என்றும் தவறிக்கொண்டே தேடும் வேட்கையையும் வைத்து நீட்டினால், பணிந்து இடக்கையையே கேட்பேன் என்ற கருத்தில் 1778-இல் எழுதியவர். நாம் அந்தக் கையைக் கேட்கமாட்டோம். ஒவ்வொரு நாளும் பதினேழு பர்ளு ரக்அத்துகளிலும் நேர்வழியைக் காட்டு என்று வேண்டுகிறவர்கள் நாம்.

ஆகவே நாடகத்தில் நம் உள்ளத்தைத் தைப்பது கதையன்று, கேள்வி. ஆராய்ந்து தேர்ந்தாயா, அல்லது விழுந்த இடத்தில் கிடக்கிறாயா என்ற அந்தக் கேள்வியை லெஸ்ஸிங் ஒரு முஸ்லிமின் வாயில் வைத்தார். நாத்தான் அதற்கு நேராக விடை சொல்லவில்லை. சுல்தானும் கதையில் உருகி அதை மறந்துவிடுகிறார். கூட்டங்களில் கைதட்டும் நாமும் மறந்துவிடுகிறோம்.

நாத்தான் உண்மையில் விடை சொல்வது நான்காம் அங்கத்தில், ஓர் ஏழைத் துறவியிடம். குழந்தை ரேக்காவைப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்து ஒப்படைத்தவர் அந்தத் துறவியே. அதற்குச் சில நாள் முன்புதான் காத் என்ற ஊரில் கிறிஸ்தவர்கள் யூதர்களைப் பெண்டு பிள்ளைகளோடு கொன்றிருந்தனர். நாத்தானின் மனைவியும் ஏழு ஆண்மக்களும் அடைக்கலம் புகுந்த வீட்டிலேயே எரிந்து போயினர். மூன்று நாள் இரவும் பகலும் புழுதியில் கிடந்து அழுதார், இறைவனோடு வழக்காடினார், கிறிஸ்தவர்களை என்றென்றும் வெறுப்பதாகச் சபதம் செய்தார். பின் மெல்லத் தெளிவு வந்தது. எழுந்தார். அந்நேரத்தில் குதிரையிலிருந்து இறங்கிய ஒருவர், துணியில் சுற்றிய ஒரு கிறிஸ்தவக் குழந்தையை நீட்டினார். வாங்கி, முத்தமிட்டு, முழந்தாளிட்டு, ஏழுக்கு ஒன்று திரும்பக் கிடைத்ததே என்று விம்மினார். ஒரு நாள் வாழ்ந்த மகனையும் மனைவியையும் புதைத்த கை எழுதிய காட்சி இது. இதற்கு விரிவுரை வேண்டுவதில்லை.

வரலாற்றின் ஸலாஹுத்தீன் இந்த நாடகத்து ஸலாஹுத்தீன்தானா? வள்ளன்மை மெய். அவர் 1193-இல் திமிஷ்கில் மறைந்தபோது கஜானாவில் நாற்பத்தேழு திர்ஹமும் ஒரு பொற்காசும்தான் இருந்தன என்று இப்னு ஷத்தாத் எழுதுகிறார். தம் தம்பி அல்ஆதிலுக்கு ஆங்கில மன்னர் ரிச்சர்டின் சகோதரியை மணமுடிக்கும் பேச்சு 1191-இல் நடந்ததும் மெய். லெஸ்ஸிங் அதையும் நாடகத்தில் நுழைத்திருக்கிறார். சதுரங்கம் ஆடும் ஸித்தாவின் பெயரைக் கேட்டதும் நமக்கு நினைவு வருபவர், திமிஷ்கில் மத்ரஸாக்கள் நிறுவிய சுல்தானின் சகோதரி ஸித்துஷ் ஷாம். ஆனால் அதே 1191-இல்தான் ஹலப் நகரில் தத்துவ ஞானி ஸுஹ்ரவர்தி, மார்க்கத்துக்கு மாறுபட்டார் என்ற குற்றச்சாட்டின் பேரில், சுல்தானின் கட்டளையால் உயிரிழந்தார். இதைப் பதிவு செய்ததும் இப்னு ஷத்தாத்தே. லெஸ்ஸிங்கின் சுல்தான் அப்படியொரு கட்டளை இட்டிருக்கமாட்டார். உண்மையான சுல்தான் இட்டார். நாடகத்தை வரலாறாக மேடையில் சொல்பவர்கள் இதையும் சேர்த்துப் படிக்கட்டும்.

நாடகத்துக்கு மேலான வரலாறும் உண்டு. யூதப் பேரறிஞர் மூஸா இப்னு மைமூன் எகிப்தில் சுல்தானின் அமைச்சர் காழி ஃபாழிலின் ஆதரவில் மருத்துவராய் வாழ்ந்தார். ஸ்பெயினில் அவர் முஸ்லிமாயிருந்து பின் மாறிவிட்டார் என்று அங்கிருந்து வந்த ஒருவர் குற்றஞ்சாட்டினார். நிரூபணமானால் தண்டனை மரணம். வற்புறுத்தப்பட்டவரின் இஸ்லாம் ஷரீஅத்தில் செல்லாது என்று கூறிக் காழி ஃபாழில் அவரைக் காப்பாற்றினார் என்று அல்கிஃப்தி எழுதுகிறார். ‘யூதனை எரி’ என்னும் நாடகத்துக் குருவின் குரலுக்கு நேர் எதிரே வைக்கத்தக்க தீர்ப்பு. லெஸ்ஸிங் இதை நாடகத்தில் சேர்த்திருந்தால் எத்துணை நன்றாயிருந்திருக்கும்!

நாத்தான் பாத்திரத்துக்கு முன்மாதிரி லெஸ்ஸிங்கின் உயிர்த்தோழர், யூதத் தத்துவ அறிஞர் மெண்டல்சோன் என்பர். 1754-இல் இருவரையும் சேர்த்து வைத்தது சதுரங்கப் பலகை. நாடகம் மேடையேறியதைக் காண லெஸ்ஸிங் இருக்கவில்லை, 1781-இல் மறைந்துவிட்டார். 1783-இல் பெர்லினில் முதன்முதலாக நடித்தபோது வரவேற்பில்லை. ஷில்லர் செப்பனிட்டு 1801-இல் வைமார் நகரில் மேடையேற்றியபின்பே அது நிலைபெற்றது. 1933-இல் ஹிட்லர் ஆட்சி வந்ததும் ஜெர்மானிய அரங்குகளிலிருந்து விலக்கப்பட்டது. போர் முடிந்தபின், 1945 செப்டம்பரில், பெர்லினின் டாய்ச்சஸ் தியேட்டர் திறந்து முதலில் நடித்ததும் இதைத்தான்.

லெஸ்ஸிங் எழுதிய கடைசிக் காட்சியில் ரேக்காவும் அந்த இளம் வீரனும் உடன்பிறந்தவர்கள் என்பதும், இருவரும் சுல்தானின் மறைந்த தம்பி அஸதின் மக்கள் என்பதும் தெரியவருகிறது. எல்லோரும் பேச்சின்றித் தழுவிக்கொள்ளத் திரை விழுகிறது. கிறிஸ்தவரும் முஸ்லிமும் ஒரே இரத்தமாகிவிடுகிறார்கள். அந்தத் தழுவலில் இரத்த உறவில்லாத ஒரே மனிதர், எல்லோரையும் சேர்த்து வைத்த நாத்தான். 1933 அக்டோபர் 1-ஆம் நாள், பிற மேடைகளிலிருந்து துரத்தப்பட்ட யூதக் கலைஞர்கள், தங்கள் மக்களுக்கு மட்டுமே நடத்த அனுமதிக்கப்பட்ட பெர்லின் அரங்கில் இதே நாடகத்தை நடித்தார்கள். முடிவை மட்டும் மாற்றினார்கள். மற்றவர்கள் உள்ளே போய்விட, மேடையில் நாத்தான் தனியாக நின்றார்.